'ம்' சொல்ல ஓர் ஆள்

என் செல்போனில் அவரை 'தூக்கம்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். பெயர் தெரியாமல் இல்லை. அதே பெயரில் ஏற்கெனவே எனக்கு நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்; ஐந்தாவது ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டுமே என்று போட்டது. அவர் கூப்பிடும்போதெல்லாம் என் மனைவி நசீமா போனை எடுத்துக்கொண்டு வந்து, "ஏங்க, உங்களுக்குத் தூக்கம் வருது, எடுங்க" என்பாள். முதல் வாரம் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அப்போது ஓசூர் பாகலூர் ரோட்டில் எனக்குச் செல்போன் சாமான் கடை. கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் உள்ளே உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காலை எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். சார்ஜர் வயர், கவர், இயர்போன் எல்லாம் அந்த நேரத்தில்தான் போகும். அப்படி ஒரு காலையில் அவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"பாய், தூங்கறதுக்கு ஒரு செட்டு குடுங்க."

புதுப் போன் கேட்கிறார் என்று நினைத்து, "எந்த மாடல்ண்ணா?" என்றேன்.

"மாடலெல்லாம் எனக்கு எங்க தெரியும்? காதுல வெச்சா தூக்கம் வரணும். அது எந்த மாடலோ அதக் குடுங்க."

நான் ஓர் இயர்போனை எடுத்து வைத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படுத்துப் பாக்கணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "செருப்பு வாங்கினா நடந்து பாக்கறமில்ல பாய்? இது படுத்துக் கேக்கற சாமானம். நின்னுக்கிட்டுப் பாத்தா என்ன தெரியும்?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல், கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துவிட்டார். இயர்போனைப் போனில் செருகிக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, "மூஞ்சில தெளிக்கட்டுமா பாய்?" என்று கேட்டார். கால் மணி நேரம் கழித்து எழுந்தவர், "ஒருக்களிச்சுப் படுத்தா குத்துது. வேற காட்டுங்க" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. சுமார் ஒன்றரை வருடம் நீண்டது.

அவருக்குப் பவர் பிரஸ்ஸில் வேலை. இரும்புத் தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால், மேலிருந்து இறங்கி ஒரே அடியில் தகட்டை வளைத்துக் கொடுக்கும் இயந்திரம். கையை எடுப்பதும் மிதிப்பதும் முறை மாறினால் விரல் போய்விடும். ஓசூரில் டீக்கடையில் கிளாஸ் வாங்கும் கைகளைக் கவனித்தால் யார் பிரஸ் ஷாப் என்று கண்டுபிடித்துவிடலாம். இவர் பத்தொன்பது வருடம் மிதித்தும் பத்து விரலும் பத்திரமாக வைத்திருந்தார். கடைக்கு வந்தால் வணக்கம் சொல்ல மாட்டார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "பத்து" என்பார். நானும் "பத்து" என்று எண்ணி ஒப்புக்கொள்வேன்.

வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலில் தூங்கியாக வேண்டும். அங்கேதான் வந்தது வினை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் பகலில் மிக்ஸிச் சத்தமும் தண்ணீர் வண்டிச் சத்தமும் வராதபடி கதவைச் சாத்தினால், அவர் தலைக்குள் பிரஸ் ஓட ஆரம்பித்துவிடும். "அமைதியா இருந்தாத்தான் பாய் எனக்குச் சத்தம் ஜாஸ்தி" என்றார். அதனால் அந்தச் சத்தத்தை மூட இன்னொரு சத்தம் வேண்டும். அதற்கு முந்தைய மாதத்தில் இரண்டு முறை பிரஸ் முன்னால் நின்றபடியே கண் அசந்திருந்தார். இரண்டு முறையும் பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "மூணாவது தடவ யாரு இழுப்பாங்க?" என்று என்னைக் கேட்டார். அன்றுதான் இந்த ஆளிடம் வியாபாரம் மட்டும் பேச முடியாது என்று எனக்குப் பட்டது.

ஆனால் பட்டதற்காக அவர் படுத்திய பாட்டை மறக்க முடியுமா? கழுத்தில் மாட்டும் வகை கொடுத்தேன். தூக்கத்தில் புரண்டு கழுத்தை இறுக்கிக்கொண்டு, "பேயி அமுக்குது" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வயர் இல்லாத பொட்டு வகை கொடுத்தேன். ஒன்று தலையணைக்குள் போய், அங்கிருந்து தரைக்குப் போய், அவர் மனைவி கூட்டி அள்ளிய குப்பையோடு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றையைக் கொண்டு வந்து, "இதுக்கு ஜோடி தேடிக் குடுங்க" என்றார். பிறகு நெற்றிப்பட்டை மாதிரித் துணிக்குள் ஸ்பீக்கர் வைத்துத் தைத்த ஒன்று வந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது, எந்தப் பக்கம் படுத்தாலும் குத்தவில்லை. ஆனால் வெள்ளைத் துணி. தலையில் கட்டுப்போட்டு அசையாமல் படுத்திருப்பவரை ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், பிரஸ்ஸில் அடிபட்டுவிட்டது என்று ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்று இவர் அரை மணி நேரம் முனகியிருக்கிறார். காதில் வைத்த சாமான் திரும்ப எடுக்கப்படாது என்று நான் எழுதி ஒட்டியிருந்த அட்டைக்குக் கீழேயே நின்று, கறுப்பு நிறத்தில் மாற்றிக் கொடுங்கள் என்றார். மாற்றிக் கொடுத்தேன்.

சாதனம் ஒரு பாதிதான். அதில் எதைக் கேட்பது என்பது மறுபாதி. மழைச் சத்தம் போட்டுக் கொடுத்தேன். அரைத் தூக்கத்தில் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எடுத்து மடித்து வைத்துவிட்டார். கடல் அலை போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது என்றார். அப்புறம் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். 'காட்டின் அமைதி' என்று ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். பூச்சி கிறீச்சிடும், இலை சலசலக்கும், எங்கோ ஓடை ஓடும். எனக்கே கேட்கக் கேட்கக் கண்ணைக் கட்டியது.

அவர் ஊர் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், நாட்றாம்பாளையத்துக்குப் போகிற வழியில் காட்டை ஒட்டியது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் பரண்மேல் உட்கார்ந்து யானைக்குக் காவல் காத்து வளர்ந்த காது அது. நகரத்துக்காரனுக்கு அமைதி தருகிற அந்தச் சத்தத்தில் நாற்பதாவது நிமிடம் ஒரு மூங்கில் முறிந்திருக்கிறது. மனிதர் எழுந்து, கண்ணைத் திறக்காமலே, கையில் கிடைத்த தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, "ஆனே! ஆனே!" என்று தட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். பகல் பதினொரு மணி. வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று சிரித்திருப்பார்கள். ஓசூரில் சிரிக்க மாட்டார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரைவரை யானை வந்து போயிருக்கிறது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார்கள். ஒருவர் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டார், அவரை இறக்கத்தான் நேரமாயிற்று. யாரோ வனத்துறைக்குப் போன் போட, இரண்டு பேர் பட்டாசுப் பையோடு வந்து, லைன் வீட்டுச் சந்தில் கால் தடம் தேடினார்கள். பிறகு, மாடிக்கு ஓடிய ஒரு பெண்ணே, வால் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தாராம்.

"நல்லா இருந்துச்சு பாய், ஆனா தூங்கறதுக்கு ஆகாது" என்று மறுநாள் காலை வந்து சொன்னார்.

சரி, இயற்கை வேண்டாம், மனிதக் குரல் பேசட்டும் என்று விவசாய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுப் பெஞ்சில் படுக்கச் சொன்னேன். மண்ணில் சுண்ணாம்புச் சத்து பற்றி ஒருவர் இருபது நிமிடம் பேசுவார். தென்னை மரமே தூங்கிவிடும். இவர் கண்ணை மூடியிருந்தார், உடம்பு தளர்ந்திருந்தது. ஆனால் வாய் மட்டும் "ம்" என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ம்". பிறகு "அப்படீங்களா?" பிறகு "ம், அப்புறம்?"

தட்டி எழுப்பினேன். "யாருகிட்டண்ணா பேசறீங்க?"

"அவுரு சொல்றாரில்ல, 'ம்' கொட்டணுமே."

"அது ரேடியோண்ணா."

"ரேடியோவுல பேசறதும் ஒரு மனுசன்தானே பாய்? ஒருத்தர் வாய் ஓயாம சொல்லிட்டு இருக்கறப்ப நாம பாட்டுக்குத் தூங்கினா, அது மரியாதையா?"

அவரிடம் அதுவரை நான் பார்த்த அத்தனை கோணங்கித்தனமும் இந்த ஒரு புள்ளியில் வந்து சேர்ந்துவிட்டது. டீக்கடையில் யார் புலம்பினாலும் இவர் எதிரில்தான் உட்கார்ந்து புலம்புவார்கள். ஏனென்றால் இவர் சரியான இடத்தில் 'ம்' சொல்வார். வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டுப் பதிவு செய்த குரல் வந்தால்கூட, அது முடிகிறவரை 'ம்' கொட்டி, "இப்பத்திக்கு வேணாம்மா" என்று சொல்லித்தான் வைப்பார். ரொட்டி கொண்டு வந்தவர்களுக்காக முனகியவர் வேறு எப்படி இருப்பார்? பேச்சுத் துணை இருந்தால்தான் பிரஸ் சத்தம் அடங்கும், பேச்சு இருந்தால் 'ம்' கொட்டியாக வேண்டும், 'ம்' கொட்டினால் தூக்கம் வராது. எனக்குத் தலை சுற்றியது.

ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டு நான் ஒரு வழி சொன்னேன். புரியாத பாஷையில் பேச்சுக் கேட்டால், எங்கே 'ம்' சொல்வது என்றே தெரியாதே! அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் புரியாத பாஷைக்கு எங்கே போவது? ஓசூரில் கைக்குழந்தைகூட மூன்று பாஷையில் அழும். கன்னடம் அவருக்கு ஊரிலேயே பழக்கம். தெலுங்கு, அவர் மனைவி வீட்டுப் பாஷை. இந்தி, கம்பெனியில் ஒப்பந்த ஆட்களோடு வேலை செய்து செய்து வந்திருந்தது. கடைசியில் ஒடியா கிடைத்தது. ஒடியாவில் செய்தியும் காய்கறிச் சந்தை நிலவரமும் ஓயாமல் படிக்கிற ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். கறுப்பு நெற்றிப்பட்டையைக் கட்டிப் படுத்தவர் ஏழு மணி நேரம் தூங்கினார். மறுநாள் கடைக்கு வந்து இரண்டு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் டீக்கடையில், அவர் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்த ரஞ்சன் என்ற ஒடியாப் பையன் யாரிடமோ போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, இவர் டீயை உறிஞ்சியபடி "ம்" என்றிருக்கிறார். ரஞ்சன் திரும்பிப் பார்க்க, இவர் ஒடியாவிலேயே பதில் சொல்லியிருக்கிறார். அதுவும் செய்தி வாசிக்கிற ஒடியா. சொல்லி முடித்த பிறகுதான் என்ன நடந்தது என்று இவருக்கு உறைத்திருக்கிறது. டீயை வைத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"போச்சு பாய். புரிஞ்சு போச்சு."

என்னவோ உடம்புக்கு வந்த மாதிரிச் சொன்னார். வங்காளம் மாற்றிக் கொடுத்தேன். "இது ஒடியாவோட தம்பியாட்டம் இருக்குது, மூணே நாள்ல வந்துட்டுது" என்று திருப்பிக் கொண்டு வந்தார். வேறொரு ஆள் புதுப் பாஷை கற்றால் ஊரே பாராட்டும். இவர் ஒவ்வொரு பாஷையாகக் கற்கக் கற்கக் கண்ணுக்குக் கீழே கருத்துக்கொண்டே போனார். கைகளை விரித்துப் "பத்து" என்று காட்டும்போது நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

விடை தற்செயலாகக் கிடைத்தது. ஒரு மதியம் தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டை ஸ்பீக்கர் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் பார்க்க அவர் பெஞ்சில் படுத்திருந்தார். நசீமா எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். வந்தவள் கிருஷ்ணகிரியில் இருக்கும் அவள் அக்கா வீட்டு விவகாரத்தை ஆரம்பித்தாள். அக்காவுக்கும் மருமகளுக்கும் ஒரு குக்கர் விஷயமாகப் பேச்சு நின்றுபோயிருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே "ம்" சொன்னேன். கல்யாணமான ஆறு வருடத்தில் எனக்குக் கை வந்த கலை அது. அரை மணி நேரம் அவள் சொன்னாள், நான் 'ம்' கொட்டினேன். டிபன் கேரியரை மூடும்போது வெளியே குறட்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாய் திறந்து தூங்குகிறார். ஸ்பீக்கரின் வயர் போனில் செருகப்படாமல் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. புரியாத பாஷை வேண்டியதில்லை. 'ம்' சொல்லும் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டால் போதும். பேசுகிறவருக்கு மரியாதை கிடைத்துவிடுகிறது, இவருக்கு வேலை இல்லை. அன்று மாலையே, நசீமா மிச்சக் கதையைச் சொல்லும்போது, போனைச் சட்டைப் பையில் வைத்து ஐம்பது நிமிடம் பதிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. அதை நெற்றிப்பட்டையில் ஏற்றிக் கொடுத்தேன். மனிதர் தூங்கினார். தினமும் தூங்கினார். கறுத்திருந்த முகம் தெளிந்தது. வாரக் கணக்கில் அதே பதிவு.

ஆனால் குட்டு வெளிப்பட ரொம்ப நாள் ஆகவில்லை. நசீமா கடையில் இருக்கும்போது ஒருநாள் வந்து, அக்கறையோடு கேட்டார்.

"ஏம்மா, அந்த மருமகப் பொண்ணு குக்கரத் திருப்பிக் குடுத்துதா, இல்லீங்களா? அந்த எடத்துக்கு வர்றப்ப நான் தூங்கிடறன், மேல தெரியல."

நசீமா என்னைப் பார்த்தாள். நான் டெம்பர் கிளாஸ் அடுக்க ஆரம்பித்தேன். அன்று வீட்டில் நடந்ததை எழுத முடியாது. அக்கா வீட்டுச் சண்டையை ஊரான் காதில் ஊதியதைக்கூட மன்னித்திருப்பாள். தன் பேச்சு ஓர் ஆளைத் தூங்க வைக்கிறது என்பதும், ஐம்பது நிமிடமும் என் 'ம்' ஒரே மாதிரி இருந்தது என்பதும்தான் அவளால் தாங்க முடியவில்லை. பதிவைப் போட்டுக் காட்டி, "இதோ, அக்கா அழுதான்னு சொல்றேன், 'ம்'. அக்கா சிரிச்சான்னு சொல்றேன், அதே 'ம்'!" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பிரஸ், பெடல், விரல் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "பாவம், தூங்கட்டும் அந்த மனுசன். ஆனா குக்கர் விஷயத்த எடுத்துடுங்க, வேற சொல்றேன்" என்று, தன் சின்ன வயதுக் கதை ஒன்றரை மணி நேரம் பேசிக் கொடுத்தாள். அதற்கு நான் விதவிதமாக 'ம்' சொன்னேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் முதல் பதிவைவிடப் பலமாக வேலை செய்தது.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒருநாள் ராத்திரி, நான் கடையைச் சாத்தும் நேரத்தில், வந்தார். கைகளை விரிக்கவில்லை. இரண்டு கையும் பேன்ட் பைக்குள் இருந்தன.

"அண்ணா, கையக் காட்டுங்க."

எடுத்தார். பத்தும் இருந்தன. ஒரு கையில் நெற்றிப்பட்டை. அதைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"இத எடுத்துக்குங்க பாய்."

"என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் இல்லீங்க. நல்லா வேலை செய்யுது. அதான்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவரை, ஆள் குறைவு என்று அன்று மதியம் இரண்டரைக்கே மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். மனைவி ரோஜாத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். இவர் ஒரு மணிக்கு அலாரம் வைத்து, நெற்றிப்பட்டையைக் கட்டிப் படுத்தார். அலாரம் அடித்திருக்கிறது. கம்பெனியிலிருந்து நாலு முறை போன் வந்திருக்கிறது. இவர் ஆறு மணிவரை தூங்கினார். ஆள் வரவில்லை என்று பேக்கிங்கில் இருந்த ரஞ்சனைக் கூப்பிட்டுப் பிரஸ்ஸில் நிறுத்திவிட்டார்கள். அவன் அதற்கு முன் பெடலை மிதித்ததே இல்லை. மூன்றரை மணிக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

"பத்தொம்பது வருசம் என் விரல காப்பாத்திக்கிட்டன் பாய். அவனுத எடுத்துட்டன்."

நீங்கள் எடுக்கவில்லை, பழகாத ஆளை நிறுத்தியவன் எடுத்தான் என்று நான் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிவில் 'ம்' சொன்ன குரல் என்னுடையது. அவர் எழுந்து போய்விட்டார். நெற்றிப்பட்டையைக் கையில் எடுக்கவே எனக்குக் கூசியது.

நாலு நாள் கழித்து ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல், பையனுக்குப் பொழுது போகட்டும் என்று நல்ல இயர்போன் ஒன்று எடுத்துக்கொண்டேன். பொது வார்டின் கடைசிக் கட்டில். ரஞ்சன் வலது கையில் பெரிய கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஸ்டூலில் அவர். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நாலு நாளாக அங்கேயே இருப்பதாகவும், இரவில் வராண்டாவில் உட்கார்ந்திருப்பதாகவும் நர்ஸ் சொன்னார். படுத்தே பார்க்கவில்லையாம்.

"வலி வந்தா இவனால சும்மா இருக்க முடியல பாய். பேசிக்கிட்டே இருந்தாத்தான் தாங்குது. இங்க யாருக்கும் இவன் பாஷை தெரியல" என்றார் என்னிடம்.

ரஞ்சன் தனக்குத் தெரிந்த இந்தியும் தமிழும் கலந்து சொன்னான். "அண்ணா நல்லா பேசறாரு. ஆனா நியூஸ் மாதிரி பேசறாரு. நேத்து என்கிட்ட, இன்றைய நிலவரப்படி வலி எவ்வளவுன்னு கேட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்ததில் கை அசைந்து வலித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அவசரமாக ஒடியாவில் ஏதோ கேட்டார். இவன் ஏதோ பேச ஆரம்பித்தான். ஊரைப் பற்றி இருக்கலாம், அம்மாவைப் பற்றி இருக்கலாம், எனக்கு ஓர் எழுத்துப் புரியவில்லை. அவர் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, சரியான இடம் பார்த்து, "ம்" சொல்லிக்கொண்டிருந்தார். நான் இயர்போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். ஒரு 'ம்' வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பார்த்தேன். அவர் தலை கட்டிலின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, காதில் எதுவும் இல்லாமல், தூங்கிவிட்டார்.

ரஞ்சனும் பார்த்துவிட்டான். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. குரலைத் தணித்து, தன் நல்ல கையால் அவர் தலைக்கு அடியில் போர்வை நுனியைத் தள்ளிவிட்டு, பேசிக்கொண்டே இருந்தான். பேசியபடி என்னைப் பார்த்தான். கதையில் ஓர் இடம் வந்தது போலிருக்கிறது, நின்றான், காத்திருந்தான்.

"ம்" என்றேன் நான்.

தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தான். அவன் குரல் நிற்கும் இடம் பார்த்து நான் 'ம்' சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் யார் பேச்சையும் கேட்டதில்லை. மாத்திரைத் தட்டோடு வந்த நர்ஸ், ஸ்டூலில் தூங்குகிறவரையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்தப் பையன் பாஷை தெரியுங்களா?" என்றார் என்னிடம்.

"தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு 'ம்' 'ம்'முங்கறீங்க?"

எங்கள் பேச்சுக்காக ரஞ்சன் நிறுத்தியிருந்தான். வார்டில் சத்தம் அடங்கிப்போயிருந்தது. தூங்குகிறவரின் இமைகள் அசைந்தன, உதடு பிரிந்தது.

"ம், அப்புறம்?" என்றேன் நான், ரஞ்சனைப் பார்த்து, அவசர அவசரமாக.

ரஞ்சன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.